கூடைப்பந்துச் சாத்திரம்

வெல்லும் என்று நான் சொன்ன அணி ஒருமுறையாவது வென்றதில்லை. இதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, வெட்கப்பட்டும் சொல்லவில்லை. எரிச்சலோடு சொல்கிறேன். விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னது பலித்திருக்கிறது. கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே ஒரு மனுசி சொன்னதுகூடப் பலித்திருக்கிறது. ஊரில் பெண்கள் கல்லூரி அணிக்கு விளையாடி, சரளைக்கல் தரையில் விழுந்த தழும்புகளோடு லண்டன் வந்து சேர்ந்த நான் சொன்னது மட்டும் பலிக்கவில்லை.

எங்கள் ஆட்களுக்குக் கல்லூரி என்றால் பல்கலைக்கழகம் இல்லை. ஊரில் படித்த பள்ளிக்கூடம்தான் கல்லூரி. ஒரு மனிதன் லண்டனில் வீடு வாங்கலாம், பிரிட்டிஷ் பாஸ்போட் எடுக்கலாம், ஆனால் அறிமுகம் செய்யும்போது இன்ன கல்லூரி என்றுதான் முதலில் சொல்வார்கள். எண்பதுகளின் கடைசியில் இப்படிப்பட்ட பழைய மாணவர்கள் கூடி ஒரு கூடைப்பந்துத் தொடரை ஆரம்பித்தார்கள். கோடையில் ஏற்கெனவே கால்பந்தும் கிரிக்கெட்டும் இருந்தன. பனிக்காலத்தில் சனிக்கிழமை வீட்டில் சும்மா இருந்தால் மனைவிமாரோடு கதைக்க வேண்டி வந்துவிடுமே என்று பயந்திருக்க வேண்டும். லூயிஷாமில் ஒரு பள்ளிக்கூட உள்ளரங்கைச் சனிக்கிழமைப் பின்னேரங்களில் வாடகைக்கு எடுத்தார்கள். ஐப்பசியில் தொடங்கிப் பங்குனியில் முடியும். ஹீட்டர் எப்போதும் பழுது. ஆட்டக்காரர்களில் பாதிப் பேர் பெற்றோல் ஷெட்டில் இரவு ஷிப்ட் முடித்து, கண் சிவந்து, நேராக அங்கே வருபவர்கள். மற்றப் பாதிக்கு நாற்பது வயது கடந்திருந்தது.

தன் கல்லூரியின் அணியைக் கட்டியவர் என் கணவர். நான் வேறு கல்லூரி. ஆனால் தாலி கட்டிய அன்றைக்கே அந்தக் கல்லூரியும் எனக்குப் புகுந்த வீடாகிவிட்டது. புகுந்த வீட்டை என்னதான் ஏசினாலும் வெளியாள் ஏசினால் விட்டுக்கொடுக்க ஏலாதுதானே. சனிக்கிழமை தவறாமல் சட்டனில் இருந்து ரயில் மாறி மாறி லூயிஷாமுக்குப் போய், கோட்டைக் கழற்றாமல் மரவாங்கில் குந்தியிருந்து கத்தினேன்.

தொடர் தொடங்குவதற்கு முதல் வெள்ளிக்கிழமை எல்லாரும் விம்பிள்டன் பிள்ளையார் கோயிலில்தான் இருப்பார்கள். பூசை முடிந்து, செருப்பு வைக்கும் இடத்தில் ஒற்றைக் காலில் நின்று சப்பாத்து மாட்டும்போது கேள்வி வரும். "அக்கா, இந்த முறை ஆர்?" நான் யோசிக்காமல் சொல்வேன். யோசனை எல்லாம் அதற்கு முதலே, பாத்திரம் கழுவும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் முடிந்திருக்கும்.

முதல் வருடம், எங்கள் பரம எதிரியான கல்லூரியின் பழைய நட்சத்திரம் ஒருவர் வந்து இறங்கியிருந்தார். ஊரில் அவர் ஓடினால் நாங்கள் பெண்கள் மதிலில் ஏறி நின்று பார்ப்போம். இப்போது அவருக்கு வயிறு முன்னால் வந்தது, ஆள் பின்னால் வந்தார். அவரால் ஓடவே ஏலாது, அந்த அணி கடைசி, எழுதி வையுங்கள் என்றேன். மனிதன் ஓடவில்லைதான். நின்ற இடத்தில் நின்றபடி தூர இருந்தே எறிந்தார். எறிந்ததெல்லாம் கூடைக்குள் போனது. அந்த அணிதான் முதலாவது.

அடுத்த வருடம் பஞ்சாங்கத்தை எடுத்தேன். சிரிக்க வேண்டாம், அதில் நியாயம் இருந்தது. எங்கள் ஆட்கள் ஆட்டத்தைத் திறமையில் தோற்பதில்லை, கலியாண வீட்டில் தோற்பார்கள். ஒரு அணியில் அண்ணன் தம்பி, மச்சான்மார் என்று எல்லாரும் சொந்தம். ஒரு சனிக்கிழமை ஒரு கலியாணம் வந்தால் பாதி அணி வேட்டி கட்டிக்கொண்டு போய்விடும். ஆகவே எந்தெந்தச் சனிக்கிழமை நல்ல முகூர்த்தம், எந்த அணியில் தங்கச்சிமார் அதிகம் என்று பார்த்துப் பலன் சொன்னேன். எல்லாம் தலைகீழாகப் போனது. லண்டனில் முகூர்த்தத்தைப் பஞ்சாங்கம் தீர்மானிப்பதில்லை, மண்டபம் என்றைக்குக் கிடைக்கிறதோ அன்றைக்குத்தான் நல்ல நாள் என்பது எனக்கு அதன் பிறகுதான் விளங்கியது.

இப்படியே மூன்றாவது வருடமும் பிழையாகப் போக, எனக்குச் சோசியம் சொல்லும் சாத்திரியார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதோடு விட்டார்களா? எதிர் அணிக்காரன் ஒருவன் கோயிலில் எனக்கென்று வடை எடுத்து வைத்து, "அக்கா, இந்த முறை உங்கட ஆக்கள்தான் வெல்லுவினம் எண்டு வடிவாச் சொல்லுங்கோ" என்று கேட்டான். எங்கள் ஆட்கள் அதைவிட மோசம். "அக்கா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறம். நாங்கள் தோப்பம் எண்டு ஒருக்காச் சொல்லுங்கோவன். உங்கட வாயால வந்தாக் காணும்."

"நான் நினைக்காததை நான் சொல்ல மாட்டன்" என்றேன். "நாங்கள்தான் முதலாவது."

"போச்சுடா!" என்று தலையில் கை வைத்தார்கள்.

நான் என்ன செய்ய? ஒவ்வொரு ஐப்பசியும் எங்கள் ஆட்கள் வெல்லப்போகிறார்கள் என்றுதான் எனக்கு மனதாரத் தோன்றியது. அதோடு, வீட்டைவிட்டு வெளிக்கிடும்போது போறன் என்றுகூடச் சொல்லாமல் போட்டு வாறன் என்று சொல்லி வளர்ந்தவள் நான். சொந்த ஆட்களைப் பார்த்துத் தோற்றுப்போவீர்கள் என்று எப்படிச் சொல்வது? அது விளையாட்டுக்குச் சொன்னாலும் வாயில் வராது.

இனி முழங்கால் கதைக்கு வருகிறேன். நாலாவது பருவத்தின் கடைசி ஆட்டத்தில் என் கணவர் பந்துக்குப் பாய்ந்து, ஒருவரும் தொடாமலே விழுந்தார். கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டொக்டர், உள்ளே தசைநார் பாதி கிழிந்திருக்கிறது, ஒப்பரேஷனுக்குப் பெயரைப் பதிந்து வைக்கிறேன், அதுவரை நடக்கலாம், பாயக் கூடாது என்றார். மறுபடி விழுந்து மிச்சமும் அறுந்தால் பழையபடி நடப்பது சந்தேகம் என்றும் சொன்னார். ஆங்கிலத்தில் அவர் சொன்னதை இவர் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னபோது கடைசி வரியை விட்டுவிட்டார். எனக்கு ஆங்கிலம் தெரியாதென்று நினைத்தாரோ என்னவோ. பஸ் ஏறும்வரை பேசாமல் வந்து, பஸ்ஸில் வைத்து நல்ல ஏச்சுக் கொடுத்தேன்.

இவருக்கு வேலை தபால் கொடுப்பது. சட்டனில் ஏற்றமும் இறக்கமுமான தெருக்களில், தோளில் பையோடு, விடியற்காலை தொடங்கி மத்தியானம்வரை நடை. அந்த முழங்கால்தான் எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டது. அதைக் கொண்டுபோய்க் கண்டறியாத பாஸ்கற்போலுக்குப் பலி கொடுக்க நான் விடுவேனா? விம்பிள்டனுக்குக் கூட்டிக்கொண்டு போய், பிள்ளையாருக்கு முன்னால் தேங்காய் உடைத்து, ஒப்பரேஷன் முடியும்வரை பந்தைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்ய வைத்தேன். தேங்காய் வடிவாக, சரிபாதியாக உடைந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஐந்தாவது பருவம் வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம். வீட்டுக்கு வீடு ஊர்ச் செய்திக்காக ரெலிபோனைப் பார்த்துக்கொண்டிருந்த காலம். இவர் படித்த கல்லூரியின் கூரையில் செல் குண்டு விழுந்து, பிள்ளைகள் வேறு ஊரில் ஒரு கொட்டிலில் படிக்கிறார்கள் என்று தகவல் வந்திருந்தது. அதைப் பற்றி இவர் என்னோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அணிக்குப் புது பெனியன் அடித்துக் கல்லூரிப் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டார். விளையாடத்தானே கூடாது, நான் கோச்சாக நிற்கிறேன் என்றார்.

அந்த முறை நாங்கள் வெல்வதற்கு எனக்கு உறுதியான காரணம் இருந்தது. ஜேர்மனி வழியாக வந்த ஒரு இளைஞன் எங்கள் அணியில் சேர்ந்திருந்தான். பனை உயரம். லூயிஷாமில் ஒரு பெற்றோல் ஷெட்டில் வேலை. கையை நீட்டினால் கூடையின் வலை கைக்கு எட்டும். பயிற்சியில் அவனைப் பார்த்த அன்றைக்கே எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கோயில் வாசலில் நின்று, "நாங்கள்தான் முதலாவது. இவர் முழங்காலுக்கும் ஒரு கரைச்சலும் வராது. இரண்டையும் நான் சொல்லுறன்" என்றேன். எங்கள் ஆட்கள் முகத்தை மூடிக்கொண்டார்கள்.

பருவம் எப்படிப் போனது என்று விளக்கமாகச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. அந்த நெடியவனுக்குப் பந்தைக் கொடுங்கோ, அவனுக்குக் கொடுங்கோ என்று தொண்டை கிழியக் கத்தினேன். கொடுக்க மாட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தானே எறிய வேண்டும். தன் மனைவியும் பிள்ளைகளும் வாங்கில் இருக்கும்போது பந்தை இன்னொருவனுக்குக் கொடுக்கும் தமிழனை நான் இன்னும் காணவில்லை. பங்குனி மாதம் வந்தபோது நாங்கள் அடியில் கிடந்தோம்.

கடைசிச் சனிக்கிழமை பரம எதிரியோடு ஆட்டம். வென்றாலும் கடைசி, தோற்றாலும் கடைசி. ஆனால் ஆட்டத்துக்கு இறங்காமல் இருக்க முடியாது. ஐந்து பேரை இறக்காத அணிக்கு அடுத்த வருடம் இடம் இல்லை என்பது தொடரின் சட்டம். அன்றைக்கென்று பார்த்து வடக்கு லண்டனில் ஒரு கலியாணம். எங்கள் அணியில் மூன்று பேர் மாப்பிள்ளைக்குச் சொந்தம். மிச்சம் சரியாக ஐந்து பேர். நெடியவனோடு சேர்த்துத்தான் ஐந்து.

"ஐஞ்சு பேர் காணும்" என்றார் இவர். "ஐஞ்சு பேர்தானே விளையாடுறது."

நெடியவன் மிகவும் நல்ல பிள்ளை. அதுதான் கரைச்சல். ஆட்டம் தொடங்க முதல் எதிர் அணியின் பொறுப்பாளரிடம் போய்க் கைகொடுத்தான். வயதானவர், மரியாதை கொடுக்க வேண்டும் என்று நினைத்திருப்பான். கதையோடு கதையாக, "ஐயா, உங்கட கொலிஜில பிசிக்ஸ் படிப்பிச்ச சேர் இப்ப எங்கை இருக்கிறார்? நான் ஏ.எல். அவரிட்டைத்தானே படிச்சனான்" என்றான்.

பொறுப்பாளரின் முகம் மலர்ந்ததை நான் வாங்கில் இருந்தே கண்டேன். "அப்ப தம்பி, நீர் ஏ.எல். எங்கட கொலிஜோ?"

"ஓம் ஐயா. ஓ.எல். மட்டும்தான் இவையின்ர கொலிஜ்."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதா? ஒரு பருவம் முழுக்க யாரும் கேட்கவில்லை, யாருக்கும் தெரியவில்லை. இவன் தானாகப் போய் வெற்றிலையில் வைத்துக் கொடுத்துவிட்டு வருகிறான்!

தொடரில் இன்னொரு சட்டம் இருந்தது. ஒருவர் இரண்டு கல்லூரிகளில் படித்திருந்தால் கடைசியாகப் படித்த கல்லூரிதான் அவருடைய கல்லூரி. ஏ.எல். என்கிற கடைசி இரண்டு வருடப் படிப்புக்குக் கல்லூரி மாறுவது எங்கள் ஊரில் சாதாரணம், அதனால் சண்டை வரக்கூடாதென்று வைத்த சட்டம். அதை வைத்தது யார் என்கிறீர்கள்? என் கணவர்தான். தொடரின் முதல் கூட்டத்தில் மேசையில் அடித்து, சட்டம் சட்டமாக இருக்க வேண்டும் என்று சொல்லி, எதிர் அணியின் ஒரு நல்ல ஆட்டக்காரனை அதே சட்டத்தால் வெட்டி விழுத்தியவரும் அவர்தான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சிரித்துச் சிரித்துச் சோறு சாப்பிட்டார்.

பொறுப்பாளர் இவரிடம் வந்தார். "தம்பி, நீங்கள் வைச்ச சட்டம். நாங்கள் என்ன செய்யிறது? பிள்ளை எங்கட ஆள். ஆனா இண்டைக்கு நாங்கள் அவரை எங்களுக்கு இறக்க மாட்டம். நாங்கள் நியாயமான ஆக்கள், பாருங்கோ."

நெடியவன் அழுகிற நிலையில் நின்றான். "அண்ணை, எனக்குத் தெரியாது அண்ணை" என்றான். எங்கள் பக்கத்தில் நாலு பேர் நின்றார்கள். நடுவர் கையில் விசில்.

இவர் மெல்லக் காற்சட்டையின் பட்டியை அவிழ்த்தார். அரங்கத்தின் நடுவில் என்ன செய்கிறார் இந்த மனுசன் என்று எழும்பினேன். நீளக் காற்சட்டைக்கு உள்ளே, விளையாடும் கட்டைக் காற்சட்டையைப் போட்டிருந்தார்.

"இதென்ன?" என்றேன்.

"குளிருக்கு."

"குளிருக்கோ? ஐப்பசி தொடக்கம் ஒவ்வொரு சனியும் குளிருக்கோ போட்டுக்கொண்டு வந்தனீங்கள்?"

இவர் பையைத் திறந்தார். சப்பாத்தும் பைக்குள் இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் சப்பாத்தை எடுத்து லூயிஷாம் ரயில் பாதையில் எறிந்திருப்பேன். பிள்ளையாருக்கு முன்னால் தேங்காய் உடைத்த மனிதன்! தேங்காய் உடையும்போது உள்ளே என்ன நினைத்துக்கொண்டு நின்றிருப்பார்?

"இஞ்சரும்" என்றார், சத்தம் இல்லாமல். "நான் ஓட மாட்டன். பாய மாட்டன். ஐஞ்சாவது ஆள் எண்டு கணக்குக்கு நிக்கிறன், அவ்வளவுதான். நான் நிக்காட்டி அடுத்த வருசம் எங்கட கொலிஜின்ர பேர் இல்லை. அங்கையும் இல்லை, இஞ்சையும் இல்லை."

"கொலிஜ் உங்களுக்குச் சோறு போடுமோ? கால் போனா ஆர் எங்களைப் பாக்கிறது? டொக்டர் சொன்னது எனக்கு விளங்கேல்லை எண்டு நினைச்சியளோ?"

"கால் போகாது. அதுக்குத்தான் உம்மட்டை ஒண்டு கேக்கிறன்." இவர் இன்னும் கிட்ட வந்தார். "நான் விழுவன் எண்டு ஒருக்காச் சொல்லும்."

"என்ன?"

"நீர் சொன்னது இண்டைவரைக்கும் நடந்திருக்கோ? நான் விழுவன், கால் முறியும் எண்டு சொல்லிவிடும். பிறகு எனக்கு ஒரு பயமும் இல்லை."

மற்ற நாலு பேரும் சுற்றி வந்துவிட்டார்கள். "சொல்லுங்கோ அக்கா. ஒரு சொல்லுத்தானே. அண்ணைக்கு நல்லதுதானே."

கோதாரி பிடித்தவர்கள். கட்டிய புருசனைப் பார்த்து, விளையாட இறங்கும் நேரத்தில், விழுந்து கால் முறியப்போகிறாய் என்று ஒரு பெண்சாதி சொல்ல வேண்டுமாம். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, எனக்கும் தெரியும். நானே வாயைத் திறந்து பார்த்தேன். விழு என்ற சொல் தொண்டைவரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல என்னால் ஏலவில்லை.

"ஒண்டும் ஆகாது" என்றேன். "விழ மாட்டியள். போட்டு வாங்கோ."

"ஐயோ!" என்றார்கள் நாலு பேரும் ஒரே குரலில். இவருடைய முகம் வெளிறிப் போனது. "விழுவன் எண்டு சொல்லும் எண்டெல்லே கேட்டனான்" என்றார். நடுவர் விசில் ஊதினார்.

முதல் பாதி முழுக்க மனிதன் வாக்குத் தவறாமல் நின்றார். எதிர் அணியின் கூடைக்குக் கீழே விளக்குக் கம்பம் மாதிரி நின்றார். எதிர் அணியும் அவரை ஒரு ஆளாக மதித்துப் பக்கத்தில் வரவில்லை. நாலு பேரோடுதான் நாங்கள் விளையாடினோம், ஆனால் விளையாடினார்களே! நெடியவன் இல்லாததால் வேறு வழியில்லாமல் பந்தை ஒருவருக்கொருவர் கொடுத்தார்கள். அந்தப் பருவத்திலேயே அப்போதுதான் எங்கள் அணி ஒரு அணி மாதிரி விளையாடியது. புள்ளிகள் கிட்டக் கிட்ட வந்தன. நானும் முழங்காலை மறந்து எழும்பி நின்று கத்தினேன். பக்கத்தில் நெடியவன் என்னைவிடப் பெரிதாகக் கத்தினான்.

இரண்டாம் பாதி முடிய ஒரு நிமிடம்கூட இல்லை. ஒரு புள்ளி பின்னால் நின்றோம். எங்கள் ஆள் எறிந்த பந்து கூடையின் விளிம்பில் பட்டு, மேலே எழும்பி, இவருடைய தலைக்கு நேரே இறங்கியது. கையை நீட்டிப் பிடித்தார். பக்கத்தில் ஒருவரும் இல்லை. கூடை தலைக்கு மேலே. நின்ற நிலையிலேயே எறிந்திருக்கலாம். அந்த வயிற்றுக்காரர் நின்றபடிதானே எறிந்து ஒரு கோப்பையே வென்றார், அதைப் பார்த்தாவது படித்திருக்கலாம். இல்லை. பந்து கைக்கு வந்ததும் மனிதனுக்குப் பதினெட்டு வயதாகிவிட்டது. பாய்ந்தார்.

காலை ஊன்றிய சத்தம் எனக்குக் கேட்டது. விழுந்த சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. பந்தாவது கூடைக்குள் போனதா என்றால், அதுவும் இல்லை.

நான் கோட்டோடு ஓடினேன். தரையில் கிடந்தார். முகம் சாம்பல் நிறம். பல்லைக் கடித்துக்கொண்டு, "நிண்டனாங்கள்தானே? ஐஞ்சு பேர் நிண்டனாங்கள்தானே?" என்று கேட்டார்.

"நிண்டியள், நிண்டியள்" என்றேன். "இனி ஆர் நிக்கிறது?" அங்கேயே, எல்லாருக்கும் முன்னால், தரையில் குந்தியிருந்து அழுதேன். எதிர் அணியின் பொறுப்பாளர்தான் ஓடிப்போய் அம்புலன்ஸுக்கு ரெலிபோன் அடித்தார்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். டொக்டர் வந்தார். முழுக்க அறுந்துவிட்டது, காலையில் வெட்டித் தைக்க வேண்டும், பிறகு எப்படி இருக்கும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார். இந்த முறை இவர் மொழிபெயர்க்கவில்லை. நானும் கேட்கவில்லை. திரைச்சீலைக்குப் பின்னால், சில்லு வைத்த கட்டிலில் புது பெனியனோடு படுத்திருந்தார். நெஞ்சில் கல்லூரியின் பெயர். எனக்கு அந்தப் பெயரைப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது, அதே நேரம் அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. எதை முதலில் செய்வதென்று தெரியாமல் போர்வையை இழுத்து மூடிவிட்டேன்.

மலேசியத் தமிழ்ப் பெண் ஒருவர் தாதியாக நின்றார். எங்கள் கதை காதில் விழுந்ததும், "நீங்களும் தமிழா, அக்கா? பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன்" என்று சொல்லி ரத்த அழுத்தம் பார்த்தார்.

இவர் என் பக்கம் திரும்பினார். "இஞ்சரும். நான் திரும்ப நடப்பனோ?"

நான் வாயைத் திறந்தேன். ஓம், கட்டாயம் நடப்பீங்கள், முன்னைப்போல நடப்பீங்கள். அதுதான் நாக்கு நுனியில் நின்றது. எந்தப் பெண்சாதியும் அதைத்தான் சொல்வாள். இவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் பயம். அந்தக் கண்ணில் நான் அதற்கு முதல் பயத்தைக் கண்டதில்லை. நான் நல்லது சொல்லிவிடுவேனோ என்று பயந்துகொண்டு கிடந்தார் அந்த மனுசன்.

அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இல்லை" என்றேன். "இனி நீங்கள் நடக்கவே மாட்டியள். கட்டில்லதான் கிடப்பியள். சட்டனில ஒரு வீட்டுக்கும் இனி உங்கட கையால தபால் போகாது. நான் சொல்லுறன்."

சொல்லி முடிக்க முதல் எனக்குக் கண்ணீர் ஓடத் தொடங்கிவிட்டது. தாதி கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "என்னக்கா இது! புருசன்கிட்ட போய் யாராவது இப்படிப் பேசுவாங்களா? அதுவும் நாளைக்கு ஆபரேஷன வச்சுக்கிட்டு! வாயக் கழுவுங்க முதல்ல."

இவர் தலையணையில் தலையைச் சாய்த்தார். அரங்கத்தில் இருந்து வந்த பிறகு முதல் தடவையாக மூச்சை முழுதாக விட்டார்.

"தங்கச்சி, அவவை ஏசாதையுங்கோ" என்றார். "அவ எனக்காக இதைச் சொல்ல எவ்வளவு கஷ்டப்பட்டவ எண்டு உங்களுக்குத் தெரியாது."

ஒப்பரேஷன் முடிந்து, ஊன்றுகோலோடு கொஞ்ச நாள், சுவரைப் பிடித்துக் கொஞ்ச நாள் என்று போய், ஆவணியில் ஒருநாள் குசினியில் நான் வெங்காயம் வெட்டிக்கொண்டு நிற்கும்போது, ஒன்றையும் பிடிக்காமல் கதவடியில் இருந்து என்னிடம்வரை நடந்து வந்தார்.

"பாத்தீரே?" என்றார். "இதுவும் சரிவரேல்லை."

"ஓம், சரிவரேல்லைத்தான்" என்றேன். "கீழ ஈரம் கிடக்கு. பாத்து நில்லுங்கோ."